லீவு விட்டால் பிள்ளைக்கு ஃபீஸ் எப்படி?
வாசகர் கேள்வி – பதில்

முழுப்பரீட்சை நெருங்கிவிட்டது. வேலூர், காட்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை ஒரே பேச்சுதான்: லீவில் பிள்ளையை யாரிடம் விடுவது, அதற்குப் பணம் எப்படிப் பேசுவது. வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்காக்களும் எழுதியிருக்கிறார்கள், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் கணக்குப் போடும் விதத்தைக் காட்டத்தான். உங்கள் தெருவில் என்ன விலையோ அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி காந்தி நகரில் வீட்டிலேயே ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளி விட்டு 3.30 முதல் 6.30 வரை, மாதம் 1,800 ரூபாய். மே மாதம் காலை 8.30-க்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு 1,800 என்றால் பத்து மணி நேரத்துக்கு 6,000 என்று சொன்னேன். ஒரு அம்மா முகத்தைச் சுளித்துவிட்டார். நான் கேட்டது தப்பா?

தொகையில் தப்பில்லை, கணக்கு சொன்ன விதத்தில்தான் சிக்கல். மணியைப் பெருக்கிச் சொன்னால் கேட்பவருக்குப் பேரம் பேசத்தான் தோன்றும். சாயங்காலம் மூன்று மணி நேரம் என்பது ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட், வீட்டுப்பாடம். முழுநாள் அப்படியா? மதியச் சாப்பாடு, பகல் முழுக்க ஓடும் ஃபேன், தண்ணீர் கேன், சமைக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க இன்னொரு ஆள் என்று எல்லாம் சேரும். அதனால் செலவை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

ஒன்று, எத்தனை பிள்ளை வந்தாலும் மாறாத செலவு. காலை 10 முதல் 3 வரை உதவிக்கு வருபவருக்கு நாளுக்கு 250 என்றால் 25 நாளுக்கு 6,250. கூடுதல் கரண்ட், கேஸ், தண்ணீர் கேன் 2,500. உங்கள் உழைப்புக்கு 12,000. ஆக 20,750. ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 4,150.

இரண்டு, பிள்ளைக்குப் பிள்ளை ஆகும் செலவு. மதியச் சாப்பாடு, 11 மணிக்கு மோர், 4 மணிக்குச் சுண்டலோ பழமோ, நாளுக்கு 50 ரூபாய். 25 நாளுக்கு 1,250.

இரண்டையும் கூட்டினால் 5,400. நீங்கள் கேட்ட 6,000-க்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. ஆனால் இந்தத் தாளை அந்த அம்மாவிடம் காட்டலாம். எது எதற்கு என்று அவருக்கும் தெரியும்.

பலருக்கும் கை சுடுவது இந்த மாறாத செலவில்தான். ஐந்து பேர் வருவதாகச் சொல்லி மூன்று பேர்தான் வந்தார்கள் என்று வையுங்கள். அதே 20,750-ஐ மூன்றால் வகுத்தால் 6,917, சாப்பாட்டோடு 8,167. அந்தத் தொகைக்கு யாரும் வரமாட்டார்கள். மூன்று பிள்ளைகள் என்றால் உதவி ஆளை நிறுத்திவிட்டுத் தனியாகவே சமாளிக்கலாம். உங்கள் உழைப்பு 12,000, கரண்டு கேஸ் 2,000, ஆக 14,000. தலைக்கு 4,667, சாப்பாட்டோடு 5,917. எத்தனை பேர் என்பது தெரியாமல் விலை சொல்லவே முடியாது என்பது இதிலிருந்து தெரியும். சித்திரை முதல் தேதிக்குள் பெயரும் பாதிப் பணமும் வாங்கிவிடுங்கள். ‘வர்றோம்க்கா’ என்று வாயால் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கரண்ட் விஷயம் ஒன்று. நம் ஊரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? கத்திரியில் 12 மணிக்கு மேல் ஃபேன் மட்டும் போதாது, கூலரோ ஏசியோ ஓடும். வீட்டு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் சலுகை விலையில் கிடைத்த யூனிட்டுகளும் விலை ஏறிவிடும். லீவு தொடங்கும் அன்று மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிகிற அன்று இன்னொன்று. அடுத்த வருஷம் 2,500 என்று குத்துமதிப்பாகப் போட வேண்டியிருக்காது. ஷீட் போட்ட மாடி அறையில் மட்டும் மே மாதம் பிள்ளைகளை வைக்கவே வேண்டாம். பணம் எவ்வளவு வாங்கினாலும் அது சரிப்படாது.

சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக் கொடுக்கிறோம் என்பவர்களுக்கு முழு 1,250-ஐக் கழிக்காதீர்கள். மோரும் நாலு மணித் தீனியும் நீங்கள்தானே கொடுக்கிறீர்கள்? மதியச் சாப்பாட்டுக்கு நாளுக்கு 30 வீதம் 750 கழித்தால் போதும். காலை 7 மணிக்குக் கட்டிய தேங்காய்ச் சாதமும் சட்னியும் மே மாதம் ஒரு மணிக்குள் ஊசிப்போய்விடும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பால் கலந்து பிசைந்து கொஞ்சமாகத் தயிர் விட்ட சாதம் மதியம் வரை தாங்கும்.

மாதம் பேசாமல் என்றாவது ஒரு நாள் கொண்டுவந்து விடுகிறவர்களுக்கு 5,400-ஐ 25 ஆல் வகுத்த 216-ஐச் சொல்லாதீர்கள். கால் பங்கு கூட்டி 270 வாங்குங்கள். அவர்கள் வராத நாளில் அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது?

என் மகள் மே மாதம் முழுவதும் திருவண்ணாமலையில் பாட்டி வீட்டில் இருப்பாள். பிள்ளையே வராத மாதத்துக்கும் 1,800 ரூபாய் கொடுக்க வேண்டும் என்கிறார் சாயங்காலம் பார்த்துக்கொள்பவர். இது நியாயமா? — வாசகி, சத்துவாச்சாரி

முழுத் தொகை கேட்பது கூடுதல். ஒன்றுமே தரமாட்டேன் என்பதும் சரியில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் மகளுக்கு அங்கே இடம் வேண்டும். ஒருவரால் ஆறு பிள்ளைக்கு மேல் சரியாகப் பார்க்க முடியாது. அந்த ஆறில் ஒன்றை உங்களுக்காக வேறு யாருக்கும் தராமல் வைத்திருக்கிறார். நீங்கள் கொடுப்பது அந்த இடத்துக்கான பணம்.

இதை மூன்று விதமாகப் பேசலாம். பாதிப் பணம் 900 கொடுத்து இடத்தைப் பிடித்து வைப்பது ஒன்று. ஒன்றும் கொடுக்காமல் நின்றுவிட்டு, ஜூனில் இடம் இருந்தால் புதுப் பிள்ளையாக, அப்போதைய ஃபீஸில் சேர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, பதினொரு மாதப் பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பிக்கொள்வது. 1,800 வீதம் 11 மாதத்துக்கு 19,800, அதைப் 12 ஆல் வகுத்தால் மாதம் 1,650. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது சுலபம். பார்த்துக்கொள்பவருக்கும் மே மாதம் கை வறளாது.

ஆனால் இந்த மூன்றாவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜூனில் சேர்ந்த பிள்ளை நவம்பர் கடைசியில் நின்றுவிட்டால், ஆறு மாதத்துக்குக் கொடுத்தது 9,900. உண்மையில் ஆனது 10,800. 900 ரூபாய் பாக்கி. இதை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், நிற்கும்போது ‘மாசா மாசம் கொடுத்துட்டுத்தானே இருந்தேன்’ என்று மனக்கசப்பு வரும். நடுவில் நின்றால் வந்த மாதங்களுக்கு 1,800 வீதம் கணக்கு முடிக்க வேண்டும் என்று ஒரு வரி போதும்.

பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதிப் பணம் வாங்கிக்கொண்டு மே மாதம் அதே இடத்தில் வேறு பிள்ளையை முழுப் பணத்துக்கு உட்கார வைத்தால், முன்னவருக்கு அந்த 900-ஐத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அல்லது ஜூன் ஃபீஸில் கழித்துவிட வேண்டும். ஒரே இடத்துக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்குவது முறையல்ல.

காலாண்டு, அரையாண்டு லீவிலும் தனி ஃபீஸா?

தனி ஃபீஸ் தேவையில்லை, வித்தியாசத்தை மட்டும் வாங்கினால் போதும். இங்கே நிறையப் பேர் தெரியாமலே இரட்டிப்பாகக் கொடுக்கிறார்கள். மாதம் 1,800 கட்டியவருக்கு அந்த நாட்களின் சாயங்காலப் பணம் ஏற்கெனவே போய்விட்டது. 1,800-ஐ 25 ஆல் வகுத்தால் நாளுக்கு 72. முழுநாள் 216-இல் அந்த 72-ஐக் கழித்தால் 144. அதாவது லீவு நாள் ஒன்றுக்கு 145 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். 216-ஐயும் மேலே போட்டு வாங்கினால் சாயங்காலத்துக்கு இரண்டு தடவை வாங்கியதாகிவிடும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. ‘லீவு முழுக்க இவ்வளவு’ என்று பேசி மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். பள்ளி திறப்பதைத் தள்ளிவைத்தால் கூடுதல் நாளுக்குப் பணம் கேட்பாரா?

கேட்பார், கேட்பதும் சரிதான். ‘லீவு முழுக்க’ என்று பேசியதுதான் வம்பு. லீவு எப்போது முடியும் என்பது உங்கள் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. 2023-இல் 6 முதல் 12 வரை உள்ள வகுப்புகளுக்கு ஜூன் 1, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 5 என்று இருந்த பள்ளித் திறப்பு, வெயிலால் எல்லாருக்கும் ஜூன் 7 ஆகி, கடைசியில் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று போனது. 2024-இலும் ஜூன் 10-க்குத் தள்ளிப்போனது. சின்ன வகுப்புப் பிள்ளைக்கு 2023 போல ஒரு வருஷம் வந்தால் ஒன்பது நாள் கூடுகிறது. அதற்கான சாப்பாட்டை யார் தலையில் கட்டுவது?

அதனால் லீவுக்கு என்று பேசாமல் வாரத்துக்கு என்று பேசுங்கள். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், 216 வீதம் 1,296, அதை 1,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாரமோ அத்தனை 1,300. தள்ளிப்போன நாட்களுக்கும் அதே விலைதான், ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைக்குக் கால் பங்கு கூட்டக் கூடாது.

மழை லீவும் இதே போலத்தான். ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் அறிவிப்பு பல நாள் காலையில்தான் வரும். 7.30-க்குள் தகவல் சொன்னால் பிள்ளையை விடலாம், அன்றைக்கு 145 கூடுதல், முதலில் சொன்ன ஆறு பேருக்குத்தான் இடம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். கொட்டுகிற மழையில் வாசலில் நின்று விலை பேசுவது இருவருக்கும் கஷ்டம்.

எனக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் டூட்டி. வாரத்தில் எல்லா நாளும் பிள்ளையை விட வேண்டியதில்லை. எந்தெந்த நாள் என்றும் முன்னால் சொல்ல முடியாது. மாதப் பணம் கொடுப்பது வீண் இல்லையா? — செவிலியர், தோட்டப்பாளையம்

நாள் கணக்குதான் உங்களுக்கு ஏற்றது. வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள் பணம் நிச்சயம் என்று ஒப்புக்கொள்ளுங்கள், அதற்கு 216 வீதம். அதற்கு மேல் வேண்டிய நாட்களை டூட்டி லிஸ்ட் கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். முதல் நாள் இரவு சொல்லும் நாளுக்கு 270. இப்படிப் பேசினால் அவருக்கு மூன்று நாள் உறுதி, ஆறு நாள் வாரத்தில் உங்களுக்கு மூன்று நாள் வரை மிச்சம்.

நைட் டூட்டி முடித்து வரும் பகலையும் மறக்காமல் சேருங்கள். வீட்டில் இருக்கிறோமே என்று அந்த நாளை விட்டுவிடுகிறார்கள். தூக்கம் இல்லாமல் ஏழு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு அம்மா அசந்து தூங்கிவிடும் நாள்தான் ஆபத்தான நாள். நீங்கள் முதலில் எழுத வேண்டிய நாள் அது.

பிள்ளைக்கு அம்மை போட்டால் அந்த நாட்களுக்குப் பணம் உண்டா?

கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பிள்ளையை அனுப்பக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நம் வீடுகளில் எப்படியும் வெளியே அனுப்புவோம். முதல் மூன்று நாளுக்கு முழுப் பணமும் உண்டு, ஏனென்றால் அரிசி பருப்பு வாங்கியாகிவிட்டது, உதவி ஆளுக்கும் சொல்லியாகிவிட்டது. நான்காம் நாளிலிருந்து சாப்பாட்டு 50-ஐக் கழித்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்பவர் வீட்டிலேயே அம்மை கண்டால் அன்றே மூடிவிட்டு, மீதி நாட்களுக்கான முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணம் போகிறதே என்று மறைத்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரவும்.

நான் குடியாத்தம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த இரண்டு நாள் நான் லீவு எடுத்தால் பணத்தைக் குறைக்க வேண்டுமா?

சாயங்கால மாதப் பணத்தில் வருஷத்துக்கு நான்கு நாள் உங்கள் சொந்த லீவு சேர்ந்தே இருக்கட்டும். மாதச் சம்பளம் வாங்கும் எல்லாருக்கும் லீவு இருக்கும்போது உங்களுக்கும் இருப்பது நியாயம்தான். முழுநாள் லீவுக் கணக்கில் மட்டும் மூடிய நாளுக்குப் பணம் வாங்காதீர்கள். அன்றைக்கு அந்த அம்மா வேறு ஆளுக்குப் பணம் கொடுத்திருப்பார், அல்லது சம்பளத்தை இழந்திருப்பார். திருவிழாத் தேதி பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. ஏப்ரலில் பணம் பேசும் அன்றே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பிள்ளைகள் என்றால் குறைப்பார்களா?

குறைக்கலாம், ஆனால் சாப்பாட்டில் குறைக்க முடியாது. 5,400-இல் சாப்பாடு 1,250 போக 4,150. அதில் பத்தில் ஒன்று 415. இரண்டாவது பிள்ளைக்கு 4,985, ஐயாயிரமாக வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனியில் குழந்தைக் காப்பகம் இருக்கிறது. ஏழு வயது மகனை லீவில் அங்கே விடக் கேட்டால் மறுக்கிறார்கள்.

தொழிற்சாலைக் காப்பகம் பற்றிய சட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். அங்கன்வாடியும் ஆறு வயது வரைதான். அதனால்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் லீவு, வேலைக்குப் போகும் பெண்களின் தலையில் அப்படியே விழுகிறது. ஒரே லைனில் வேலை செய்கிற நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வீட்டில் பிள்ளைகளை விட்டால், முதல் கேள்வியில் சொன்ன மாறாத செலவு பங்காகிவிடும். தனித்தனியாகப் போய்ப் பேசுவதைவிட சேர்ந்து போய்ப் பேசுங்கள். பணம் கொடுக்கும் தேதியை 1 என்று வைக்காமல் 10 என்று கேளுங்கள். கம்பெனிச் சம்பளம் 7-ஆம் தேதிதானே கைக்கு வருகிறது.

விடுபவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். பணத்தைப் பற்றிப் பேசினால் ‘உங்களுக்குக் கொடுக்காம போவேனாக்கா’ என்கிறார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது? — வாசகி, கொசப்பேட்டை

வாயால் பேச வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே சீட்டு என்றால் யாருக்கும் மனம் நோகாது. ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கி, தேதி, வந்த நேரம், போன நேரம், கூட்டிப்போனவர் கையெழுத்து என்று நான்கு கட்டம் போடுங்கள். தினமும் கூட்டிப் போகிறவர் கையெழுத்து போட்டால், 6.30 என்றது 7.15 ஆவது அவருக்கே கண்ணில் படும். சீட்டில் இப்படி எழுதலாம்:

‘காலை 8.30 முதல் மாலை 6.30 வரை. வாரம் 1,300 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. சேரும்போது இரண்டு வாரப் பணம் 2,600, மீதி மே 10. தொடங்கப் பத்து நாள் முன்பு வரை வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பும், அதற்குப் பிறகு ஒரு வாரப் பணம் பிடிக்கப்படும். 6.30-க்குப் பிறகு கால் மணி நேரம் பொறுக்கலாம், அதற்கு மேல் அரை மணிக்கு 30 ரூபாய். கூட்டிப்போக வேறு ஆள் வந்தால் முன்னால் போன் செய்ய வேண்டும். மருந்து கொடுக்க வேண்டுமானால் பெயரும் வேளையும் எழுதித் தரவும்.’

தாமதப் பணத்தைப் பற்றி மட்டும் ஒன்று. கிரீன் சர்க்கிள் நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டு ஒருநாள் தாமதமானால் 30 ரூபாயை விட்டுவிடுங்கள். ஒரே மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் போனால் அவருக்கு நேரம் போதவில்லை என்று அர்த்தம். உட்கார வைத்து, 7 மணி வரை என்று பேசி, வாரத்துக்கு 60 ரூபாய் கூட்டி, சீட்டை மாற்றி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.